சபைக்குள் தீர்ப்பும் இரக்கமும்: இரண்டு இருக்கைகளிலிருந்து பார்த்தது

கணவரைப் பிரிந்து மகளோடு தனியாக வாழத் தொடங்கிய காலத்தில் என் சபையார் என்னை எப்படி நடத்தினார்கள் என்பதை எழுத வேண்டும் என்று நண்பர்கள் சிலர் பலமுறை கேட்டார்கள். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். புண் ஆறுமுன் எழுதினால் அது குற்றப்பத்திரிகையாகிவிடும். எல்லாம் ஆறிய பிறகு எழுதினால் மேடையில் சொல்லும் சாட்சியாகிவிடும். இரண்டிலும் பாதி உண்மைதான் மிஞ்சும். இப்போது அதே சபையில் குடும்பங்களைச் சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். பிறர் வீட்டுத் துயரம் முதலில் வந்து சேரும் காதுகளில் என்னுடையதும் ஒன்று. தீர்ப்புக்கு ஆளானவளாகவும், தீர்ப்புச் சொல்ல வாய்ப்புள்ள இடத்தில் அமர்ந்திருப்பவளாகவும் இருந்திருப்பதால், இரண்டு இடங்களிலிருந்தும் கண்டதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

வீட்டில் நடந்தவற்றை விரிக்கப்போவதில்லை. குடி இருந்தது, அடி இருந்தது, மகள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் வெளியேறினேன். என் கணவர் பாடல் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர்; நன்றாக ஜெபிப்பார்; யார் வீட்டுத் துக்கத்துக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பார். எனவே சபையின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், நல்ல மனிதர் ஒருவரின் வீட்டை விட்டு அவருடைய மனைவி போய்விட்டாள் என்பது மட்டுமே. அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் முடிவு இயல்பானதுதான். தங்களுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று ஒருவர்கூட நின்று யோசிக்கவில்லை என்பதே என் குறை.

என்னை யாரும் முகத்துக்கு நேரே கடிந்துகொள்ளவில்லை. இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும், ஏனெனில் விசுவாசிகளிடையே தீர்ப்பு பெரும்பாலும் கடுஞ்சொல்லாக வருவதில்லை. கரிசனையின் உடையை உடுத்திக்கொண்டுதான் வருகிறது. எனக்கு அது ஜெபக்குறிப்பாக வந்தது. பெண்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு காலை இப்படி ஒரு செய்தி இருந்தது: “நம் சகோதரி ஒருவரின் குடும்பத்தில் சத்துரு கிரியை செய்கிறான். பிடிவாதத்தின் ஆவி நீங்கி, அவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பும்படி பாரத்தோடு ஜெபிப்போம்.” பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. யாரைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும், நானும் அந்தக் குழுவில் இருந்தேன். கீழே வரிசையாக ஆமென், ஆமென் என்று பதில்கள் விழுந்துகொண்டிருந்தன.

அந்த இரண்டே வாக்கியங்களில் ஒரு வழக்கு விசாரணையே நடந்து முடிந்திருக்கிறது. பிரிவுக்குக் காரணம் பிடிவாதம் என்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது; பிடிவாதம் யாருடையது என்பதும் தீர்மானமாகிவிட்டது; பரிகாரம் வீடு திரும்புதல் என்றும் உத்தரவாகிவிட்டது. என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. அதை எழுதிய சகோதரி மனப்பூர்வமாக எனக்காக ஜெபித்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது கடினமாக இருந்தது. பழி சொன்னால் மறுக்கலாம்; ஜெபத்தை யார் மறுக்க முடியும்?

அதன் பிறகு வந்தவை சிறிய காரியங்கள். ஞாயிறு பள்ளியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். “கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், சிஸ்டர், உங்களுக்கும் நல்லது” என்றார் பொறுப்பாளர். எத்தனை நாள் என்று கேட்டேன், “கர்த்தர் நடத்துவார்” என்றார். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன் என்ற வசனம் பல கைகள் வழியாக என் கைபேசிக்கு வந்தது. சில வேளைகளில் பூக்கள் வரைந்த படத்தின்மேல் அச்சிடப்பட்டு வந்தது. ஆராதனை முடிந்ததும் பேசிக்கொண்டு நிற்பவர்கள் நான் அருகில் போனால் அன்பாகச் சிரித்து, பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். இவற்றில் எதையும் எடுத்து முறையிட முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் என்ன நடக்கிறது என்று விளங்கும்.

இவர்கள் கெட்டவர்கள் அல்ல. இதே மனிதர்கள்தான் மருத்துவமனை வாசலில் இரவு முழுவதும் காத்திருந்திருக்கிறார்கள். அப்படியிருக்க ஏன் இப்படி என்ற கேள்வி என்னை வெகுகாலம் விடவில்லை. பிற்பாடு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது ஓரளவு பிடிபட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு அது; 1973இல் வெளியானது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பே, அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் நின்று உதவுவதாக இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமைதான். வழியில் ஒரு மனிதன் குறுகி உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பான். அவசரம் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதத்தினரே நின்றார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது சொல்லத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை.

இந்த முடிவை நான் சபையாருக்கு எதிரான குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. இரக்கம் குணத்தைச் சார்ந்தது என்று நாம் நினைக்கிறோம். பாதிக்குமேல் அது நேரத்தைச் சார்ந்தது. ஒருவருடைய கதையைக் கேட்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். ஒருவரைப் பற்றி முடிவுக்கு வர ஒரு நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, கூட்டங்கள், பாடல் பயிற்சி, பண்டிகை ஏற்பாடு என்று ஓடிக்கொண்டிருக்கும் சபையில் எது மலிவாகக் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் தடுமாறினால் அது அவர் குணம், நாம் தடுமாறினால் அது சூழ்நிலை என்று கணக்கிடும் வழக்கமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அடுத்தவர் செய்கையில் சூழ்நிலையைக் காணாமல் குணத்தையே காரணமாக்கும் பிழைக்கு உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ஒரு பெயரே கொடுத்தார். விசுவாசிகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது பயம். வேதாகமத்தில், தவறேதும் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் முதலில் செய்தது மிகச் சரியானது. ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாய் திறந்த பிறகுதான் கெட்டார்கள். நீ ஏதோ செய்திருக்கிறாய், இல்லாவிட்டால் இப்படி வராது என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள். ஒன்றும் செய்யாத மனிதனுக்கு இப்படி நேரும் என்றால் நாளை நமக்கும் நேரலாம் அல்லவா? அதை ஒத்துக்கொள்வதைவிட யோபுவைக் குற்றவாளியாக்குவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. சீலோவாமின் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசு பேசும்போதும் இதே கணக்கைத்தான் உடைக்கிறார். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் அதிகக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்கிறார். என் வீடு உடைந்ததற்குக் காரணம் என் பிடிவாதம் என்று வைத்துக்கொண்டால், பிடிவாதமில்லாத பெண்களின் வீடுகள் எல்லாம் பத்திரம். அந்தச் செய்திக்குக் கீழே விழுந்த ஆமென்களில் சில இந்த நிம்மதியிலிருந்தும் வந்திருக்கலாம்.

இனி அருகில் வந்தவரைப் பற்றி. சபையில் வயதில் மூத்த ஒரு பெண்மணி இருக்கிறார். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் அழைப்பேன். வீட்டுக்கு வந்தவர், என்ன நடந்தது என்று கேட்கவில்லை. “இந்த மாதத்தில் உனக்கு எந்த நாள் கஷ்டமான நாள்?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு, நீதிமன்றத்தில் வழக்கு வரும் நாள் என்றேன். அந்த நாளில் வந்து என்னோடு நடைவழி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என் வழக்கு கூப்பிடப்பட வெகுநேரமாயிற்று. அவர் தன் கண்ணாடியைத் துடைப்பதும், என் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குவதுமாக இருந்தார். நடுவில் ஒருமுறை ஜெபிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன், சரி என்று விட்டுவிட்டார். அடுத்த விசாரணைக்கும் வந்தார்.

அவரிடம் நான் எல்லாவற்றையும் சொல்ல மாதங்கள் ஆயின. சொன்ன பிறகும் அவர் யாருக்கும் குற்றவாளிப் பட்டம் கட்டவில்லை, என் கணவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஒரு நாள், “அப்பாவைப் பற்றி அவள் கேட்டால் என்ன சொல்கிறாய்?” என்று என் மகளைக் காட்டிக் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் கதவைச் சாத்தியிருப்பேன். அவர் கேட்டதால் உட்கார்ந்து பதில் சொன்னேன். அவரும் தன் கருத்தை மறைக்காமல் சொன்னார். இரக்கமுள்ளவர்கள் கண்டிக்கமாட்டார்கள் என்று நினைப்பது தவறு. கண்டிக்கும் உரிமையை அவர்கள் அந்த நடைவழி பெஞ்சில் சம்பாதித்துக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

“நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்” என்ற மத்தேயு 7:1ஐ இந்த விவாதத்தில் இரு தரப்பாரும் வளைக்கிறார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு சாரார் அதைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். அப்படியானால் சபையில் ஒழுங்கே இருக்காதே என்று மறு சாரார் அதைக் கடந்துபோகிறார்கள். ஐந்தாம் வசனம் வரை வாசித்தால் இரண்டு வாசிப்பும் நிற்காது. உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை முதலில் எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகை பார்ப்பாய் என்பதே முடிவு. துரும்பு எடுக்கப்படத்தான் வேண்டும். தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்று யோவான் 7:24இல் சொல்பவரும் அதே இயேசுதான். கண்ணில் விழுந்த துரும்பைத் தூரத்திலிருந்து எடுக்க முடியாது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு தண்டிக்காமல் அனுப்பிவிடும், யோவான் 8ஆம் அதிகாரத்துச் சம்பவம் எனக்கு மிகவும் நெருக்கமானது. அதைப் பற்றி ஒரு செய்தி அறிந்தபோது திடுக்கிட்டேன். வேதாகமத்தின் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளான, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் அந்தப் பகுதி இல்லை. யோவான் எழுதிய மூலத்தில் அது இருந்திருக்காது என்பதே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. நடந்த சம்பவத்தின் உண்மையான நினைவாகவே அதைக் கருதுவோரும் அவர்களில் உண்டு. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயராக இருந்த அகுஸ்தீன் வேறு விளக்கம் தந்திருக்கிறார்: இதைப் படித்துத் தங்கள் மனைவிகள் தண்டனை இல்லை என்று துணிந்துவிடுவார்களோ என்று பயந்த விசுவாசக் குறைவுள்ள சிலர் அதைப் பிரதிகளிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று. அவர் சொன்னது வரலாற்றளவில் சரியோ இல்லையோ, அந்தப் பயம் அவர் காலத்துச் சபையில் இருந்திருக்கிறது என்பது அதிலிருந்து தெரிகிறது. நாம் இரங்கினால் அடுத்தவர்கள் துணிந்துவிடுவார்கள் என்ற பயம் இன்றும் மூப்பர்கள் கூட்டங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பயம் எவ்வளவு பழையது என்பதற்கு மூன்றாம் நூற்றாண்டே சாட்சி. ரோமப் பேரரசன் டெசியஸ் 250ஆம் ஆண்டு வாக்கில், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டளையிட்டான். கிறிஸ்தவர்களில் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அலை ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வந்து வாசலில் நின்றபோது, சேர்ப்பதா கூடாதா என்று சபை பிளந்தது. கூடவே கூடாது என்றவர்களின் தலைவர் ரோமில் இருந்த நோவாசியன். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் 251இல் கூடிய அங்குள்ள ஆயர்களும் வேறு வழி எடுத்தார்கள்: ஒவ்வொருவர் செய்ததையும், எந்த நெருக்கடியில் செய்தார் என்பதையும் தனித்தனியே விசாரித்து, அதற்கேற்ப மனந்திரும்புதலின் காலத்தை வைத்துச் சேர்த்துக்கொள்வது. விசாரிக்க நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம். நோவாசியனின் வழியில் விசாரணைக்கு வேலையே இல்லை. அவரைப் பின்பற்றிய குருமார்கள் திரும்பி வர விரும்பினால், உபத்திரவத்தில் தவறியவர்களோடும் இரண்டாம் திருமணம் செய்தவர்களோடும் ஐக்கியம் வைத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என 325இல் நிசேயா சங்கம் தன் 8ஆம் விதியில் கேட்டது. இரண்டாம் திருமணம் செய்த ஒருவரோடு திருவிருந்து மேசைக்குப் போகத் தயங்குகிறவர்கள் இந்த விதியை ஒருமுறை வாசிப்பது நல்லது.

மறுபக்க இருக்கைக்கு வருகிறேன். குழுவில் சேர்ந்த பிறகு எங்களுக்கு வந்த காரியங்களில் கடினமானது, காணிக்கை எண்ணும் பொறுப்பில் இருந்த ஒருவர் அதிலிருந்து பணம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது. இங்கே அரைகுறைத் தகவல் என்று சொல்ல வழியில்லை. கணக்கு தெளிவாக இருந்தது, அவரும் ஒத்துக்கொண்டார். இரக்கத்தைப் பற்றிப் பேசும் எவரும் இப்படிப்பட்ட ஒரு காரியத்தில் என்ன செய்வார் என்பதை வைத்தே அவரை நம்பலாமா என்று பார்க்க வேண்டும்.

அவரை அந்தப் பொறுப்பிலிருந்து அன்றே எடுத்தோம். எடுத்த தொகையை அவர் கையாலேயே எழுதி வாங்கி, தவணைகளில் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். கணக்கறிக்கையில் அது வரவேண்டிய தொகையாகக் காட்டப்பட்டது. காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பணம் எங்கே என்று அறிய உரிமை உண்டு. அதைச் சமாதானத்தின் பெயரால் மறைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அது முதல், ஒருவருக்கொருவர் உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று விதி வைத்தோம். இந்த விதி முன்பே இருந்திருந்தால் அவர் அந்தச் சோதனைக்குள் போயிருக்கவே மாட்டார் என்று எங்களில் ஒருவர் சொன்னார், சரிதான். அவர் பெயரைச் சொல்லி மேடையிலிருந்து அறிவிக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு நாங்கள் நேரில் பதில் சொன்னோம், ஆனால் அறிவிக்கவில்லை.

பிறகு இரண்டு பேர் முறை வைத்து அவர் வீட்டுக்குப் போனோம். பல சந்திப்புகளுக்குப் பிறகுதான் பிள்ளையின் மருத்துவக் கடன் பற்றிச் சொன்னார். அது காரணம்தான், நியாயம் அல்ல என்று அவரிடமே சொன்னோம். அவரும் அதை நியாயம் என்று சொல்லவில்லை. கடனுக்குச் சபையின் உதவி நிதியிலிருந்து ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்டோம். இங்கேதான் எதிர்ப்பு பலமாக எழுந்தது: திருடியவனுக்குப் பரிசா என்று. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தண்டனை பெற்ற ஒருவனைப் பற்றிப் பவுல், அந்தத் தண்டனையே போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனை மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று எழுதுவதை ஒரு மூப்பர் எடுத்து வாசித்தார். அது முதலாம் நிருபத்தில் விலக்கி வைக்கச் சொன்ன அதே ஆள்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தண்டனைக்கு ஒரு முடிவு வேண்டும், முடிவு இல்லாவிட்டால் மனிதன் மூழ்கிவிடுவான் என்று பவுல் அஞ்சுகிறார் என்பது எந்த வாசிப்பிலும் தெளிவு. உதவி கொடுக்கப்பட்டது. இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போயின. எங்கள் முடிவு எல்லாரையும் திருப்திப்படுத்தியது என்று நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

இரக்கம் என்ற பெயரில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் அடிபடுகிற பெண்ணிடமும், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளையிடமும், மன்னித்துவிடு, சபையின் பெயர் கெட்டுவிடும் என்று சொல்வது இரக்கம் அல்ல. அதுவும் ஒரு தீர்ப்புதான். பாதிக்கப்பட்டவருக்கு எதிரான தீர்ப்பு. அவனும் நீயும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை உணர்த்து என்ற மத்தேயு 18:15ஐ இப்படிப்பட்ட இடங்களில் காட்டி, இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்கிறார்கள். என்னையும் அப்படி உட்காரவைக்கப் பார்த்தார்கள், மறுத்தேன். அதே அதிகாரத்தில் 6ஆம் வசனம் 15ஆம் வசனத்துக்கு முன்னால் வருகிறது: சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டுவது பற்றி. முதலில் பாதுகாப்பு, தேவையானால் காவல்துறை, மருத்துவர், வழக்கறிஞர். ஒப்புரவு பற்றிய பேச்சு, பாதிக்கப்பட்டவர் தானாக விரும்பினால், வெகு பின்னால்.

எங்கள் குழு இப்போது பின்பற்றும் சில வழக்கங்களைச் சொல்கிறேன். வேறு சபைகளிலும் அவற்றைப் பரிசோதித்துப் பார்க்கலாம். ஜெபக்குறிப்பு, சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சொன்ன வார்த்தைகளில்தான் வர வேண்டும். அவர் அனுமதி இல்லாமல், பெயரில்லாமல்கூட, குழுவில் போடக் கூடாது. இதை அமல்படுத்தியபோது ஜெபக்குறிப்புகள் வெகுவாகக் குறைந்தன. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒருவர் இன்னொருவரைப் பற்றிக் குறை சொல்லி வந்தால் முதல் கேள்வி, அவரிடம் பேசினீர்களா என்பது. பெரும்பாலான பேச்சுகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பேசிவிட்டு வருகிறவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் வேறு கதையாக இருக்கிறது.

முதல் சந்திப்பில் வசனம் சொல்வதில்லை. இதைப் பலர் ஏற்க மறுத்தார்கள், வேதம் ஆறுதல் அல்லவா என்று. ஆறுதல்தான், ஆனால் கேட்குமுன் சொல்லப்படும் வசனம் கேட்பவருக்குக் குற்றச்சாட்டாகவே விழுகிறது. எனக்கு அது அனுபவம். அவர்களே கேட்டால் வாசிக்கிறோம். யாரையாவது ஒரு பொறுப்பிலிருந்து விலக்கினால், காரணத்தையும், எப்போது மறுபடி பரிசீலிப்போம் என்ற தேதியையும் எழுத்தில் கொடுக்கிறோம். கர்த்தர் நடத்துவார் என்று சொல்லி அனுப்புவதில்லை. கடைசியாக, என்னால் என்ன செய்ய முடியும் என்று பொதுவாகக் கேட்பதைவிட, பெரியம்மா கேட்டதுபோல் எந்த நாள் கஷ்டம் என்று கேட்பது பலமடங்கு பயனுள்ளது. துயரத்தில் இருப்பவருக்கு உதவிப் பட்டியல் போடும் தெம்பு இருக்காது, நாள் மட்டும் தெரியும்.

தீர்ப்புக்கு ஆளாகியிருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் விளக்கம் சொல்லித் தீர்க்க முயலாதீர்கள்; விளக்கம் கேட்டவர்கள் அதையே அடுத்த செய்தியாக்குவார்கள். நம்பத்தக்க ஒருவர் அல்லது இருவர் போதும், அவர்கள் உங்கள் சபைக்குள்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் பொறுப்பைப் பறித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பணிவாகக் கேட்கலாம், ஆனால் கேளுங்கள். ஜெபக்குறிப்பாக உங்கள் செய்தி வெளிவந்தால், அதை நீக்கும்படி குழுவின் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுவிலேயே பதில் எழுதினால் சண்டை என்றுதான் பெயர் வரும். மேலும், உங்களை நியாயந்தீர்த்தவர்கள் அனைவரும் மாய்மாலக்காரர்கள் என்று நீங்கள் முடிவு கட்டும்போது, அவர்கள் செய்த அதே வேலையை அதே வேகத்தில் செய்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மை தெரிந்திருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தக் கேள்வி உதவியது. எல்லா நாளும் அல்ல.

நான் அதே சபையில் தங்கினேன் என்பதால் எல்லாரும் தங்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். பெரியம்மா இல்லாதிருந்தால் நானும் போயிருப்பேன். என் மகள் வளர்ந்த பிறகு வேறு சபைக்குப் போகிறாள். அங்கே அவளுக்குச் சமாதானம் இருக்கிறது, நான் திரும்பக் கூப்பிடவில்லை. சபையை விட்டுப் போவது விசுவாசத்தை விட்டுப் போவது அல்ல. போவதென்று தீர்மானித்தால் சத்தமில்லாமல் மறைந்துவிடாதீர்கள். போதகருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள். நடந்தவற்றைத் தேதியோடு எழுதுங்கள், உள்நோக்கம் கற்பிக்காதீர்கள், எது மாறினால் உங்களைப் போன்ற ஒருவர் அங்கே தங்கியிருக்க முடியும் என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் குழு உருவானதே அப்படி ஒரு பெண் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைப் போதகர் மூப்பர்கள் கூட்டத்தில் முழுவதும் வாசித்ததால்தான்.